ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளி

ஒரு வாக்கியத்தைப் பாதி மட்டும் சொல்கிறேன். மீதியை நீங்கள் மனத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள்ளே, ஒரு கூண்டுக்குள்ளே... முடித்துவிட்டீர்கள். கூண்டுக்குள் ஒரு கிளி இருக்கிறது, கிளிக்குள் அரக்கனின் உயிர் இருக்கிறது. இதை முடிக்கத் தெரியாதவர் இந்த அரங்கில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ருஷ்யாவில் ஒரு கிராமத்துக் கிழவியிடம் கேட்டிருந்தால் கோஷேய் என்ற கொடியவனின் கதையைச் சொல்லியிருப்பாள். அவன் உயிர் ஓர் ஊசியின் நுனியில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். பொருள்கள் மாறுகின்றன, கதை மாறவில்லை. இவ்வளவு பழகிய ஒன்றை ஓர் எழுத்தாளர் மறுபடி எடுத்துச் சொல்லும்போது நாம் ஏன் புத்தகத்தை மூடாமல் படிக்கிறோம்? முடிவு தெரிந்த கதையில் எதைத் தேடிப் போகிறோம்? இன்று நான் பேச வந்திருப்பது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

மிகுபுனைவு, அதாவது ஃபேன்டஸி, பழகிய அச்சுகளால் நிறைந்தது. வெண்தாடி வைத்த மந்திரவாதி. புதையலைக் காத்துக் கிடக்கும் டிராகன். குடிசையில் வளரும் அரசகுமாரன். இன்னார் கையால்தான் இன்னார் சாவு என்ற முன்னறிவிப்பு. டயானா வின் ஜோன்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், தாமே அருமையான மாயக் கதைகள் எழுதியவர், 1996இல் இந்த அச்சுகளையெல்லாம் தொகுத்துச் சுற்றுலாக் கையேடு வடிவில் ஒரு நூலே எழுதிவிட்டார். மாய உலகுக்குப் பயணம் போகிறவர் எந்த ஊரில் எந்த வகை மனிதரைச் சந்திப்பார், வழியில் என்ன உணவு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் கையேடு அது. டோல்கீனின் மூன்று பாகப் பெருநாவல் 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்ததற்குப் பிறகு, அதன் நிழலில் முளைத்த நூற்றுக்கணக்கான நாவல்கள் அந்த நிலைமையைக் கொண்டுவந்திருந்தன. ஆனால் அதே காலத்தில், அதே அச்சுகளை எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து பெரிய இலக்கியம் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்தது என்ன?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பழைய அச்சும் ஒரு கேள்வியை மூடி வைத்திருக்கிறது. கதை வேகமாக ஓடவேண்டும் என்பதற்காக, சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் அந்தக் கேள்வியை மிதித்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டார்கள். அரக்கன் தன் உயிரை ஏன் வெளியே கொண்டுபோய் வைத்தான்? உயிரைத் தன்னோடு வைத்திருக்க அவ்வளவு அச்சமா? கிளி செத்தபோது கிளிக்கு என்ன குற்றம்? நல்ல மிகுபுனைவு எழுத்தாளர் அந்த இடத்தில் நிற்கிறார். அச்சைக் கேலி செய்ய அவர் வரவில்லை, உடைக்கவும் வரவில்லை. அதை நமக்கு முன்னால் இருந்தவர்கள் நம்பியதைவிட ஆழமாக நம்புகிறார். நம்புவதால்தான் கேள்வி கேட்கிறார். அந்த நம்பிக்கைதான் நம்மை ஈர்க்கிறது.

சான்று காட்டுகிறேன். 1967இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இருந்த பர்னாஸஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம், உர்சுலா லெ குவின் என்ற எழுத்தாளரிடம் வளரிளம் பருவத்தினருக்கு ஒரு நாவல் எழுதித்தரக் கேட்டது. அவருக்கு மந்திரவாதிகள் நினைவுக்கு வந்தார்கள். மெர்லின், கேண்டால்ஃப் என்று எல்லோரும் முதியவர்கள், எல்லோருக்கும் வெண்தாடி. அங்கே அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. இவர்கள் பிறக்கும்போதே தாடியோடு பிறந்தார்களா? பதினைந்து வயதில் எப்படி இருந்தார்கள்? யாரிடம் பாடம் கேட்டார்கள்? எத்தனை எளிய கேள்வி! ஒரு குழந்தை கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு மந்திரப் பள்ளிக்கூடம் பிறந்தது. ஹாரி பாட்டர் தன் பள்ளிக்கு ரயில் ஏறுவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே. 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' 1968இல் வெளிவந்தது.

கதையின் நாயகன் கெட், காண்ட் என்ற தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன். பெரும் ஆற்றல் உள்ளவன், அதைவிடப் பெரிய கர்வம் உள்ளவன். ராக் தீவின் பள்ளியில், தன்னைச் சீண்டிய சக மாணவனுக்குத் தன் வல்லமையைக் காட்டுவதற்காக, இறந்துபோன ஓர் அழகியின் ஆவியை அழைக்கிறான். ஆவி வருகிறது; அது வந்த பிளவின் வழியே ஒரு நிழலும் வந்துவிடுகிறது. அந்தப் பிளவை மூடுவதற்குத் தன் ஆற்றலை எல்லாம் செலவிட்ட முதிய தலைமை மந்திரவாதி மறுநாள் விடிவதற்குள் இறந்துபோகிறார். இனி நாவல் முழுவதும் அந்த நிழல் அவனைத் துரத்துகிறது. பழைய கதையாக இருந்தால் அந்த நிழலுக்கு ஒரு கோட்டை இருக்கும், படை இருக்கும், கடைசியில் பெரும்போர் இருக்கும். இந்த நாவலில் போர் இல்லை. கெட் தன் குருவின் சொல் கேட்டுத் திரும்பி நின்று, ஓடுகிற நிழலைத் தானே துரத்துகிறான். உலகின் விளிம்பில் அதை எதிர்கொண்டு அதன் பெயரைச் சொல்கிறான். அவன் சொல்லும் பெயர் அவனுடைய சொந்தப் பெயர்.

கிளியை இங்கே மறுபடி நினைத்துப் பாருங்கள். பழைய கதையில் தீமையின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் இருந்தது. நாயகன் அவ்வளவு தூரம் போனான், கழுத்தைத் திருகினான், ஊருக்குத் திரும்பினான், மணமுடித்தான். லெ குவினும் தம் நாயகனைக் கடல் கடந்து அனுப்புகிறார். எத்தனையோ தீவுகள், எத்தனையோ புயல்கள். பயணம் அதேதான். ஆனால் கடலின் முடிவில் கிளி இல்லை, அவனே இருக்கிறான். இதையே ஹாரி பாட்டர் வரிசையின் இறுதி நூலும் 2007இல் தன் வழியில் செய்தது. வோல்டமார்ட் தன் உயிரைத் துண்டு துண்டாக ஒளித்துவைத்த பொருள்களைத் தேடிப் போன பையன், அவற்றில் ஒன்று தனக்குள்ளேயே இருப்பதைக் கண்டுகொள்கிறான். கோடிக்கணக்கான இளம் வாசகர்கள் அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு படித்தது ஏன்? கிளியைக் கொல்லவேண்டும் என்ற பழைய விதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். விதி தெரிந்ததால்தான் அடி வலுவாக விழுந்தது.

டிராகனையும் பார்ப்போம், ஏனென்றால் லெ குவின் அதைக் கையாண்ட விதம் எனக்கு இன்னும் பெரியதாகத் தோன்றுகிறது. டிராகன் வழக்கமாகக் கதையின் உச்சத்தில் வரும். இங்கே நாவலின் நடுவிலேயே வந்துவிடுகிறது. இளம் டிராகன்கள் சிலவற்றைக் கெட் கொல்கிறான். அதைப் பெரிய வீரமாக ஆசிரியர் கொண்டாடவில்லை. பிறகு மூத்த டிராகன் எழுகிறது, இருவரும் பேசுகிறார்கள். பழஞ்சுவடிகளைப் படித்ததால் கெட் அதன் உண்மைப் பெயரை ஊகித்து வைத்திருக்கிறான். பெயரைச் சொன்னால் அது கட்டுப்படும். அப்போது டிராகன் ஒரு பேரம் வைக்கிறது: உன்னைத் துரத்தும் நிழலின் பெயரை நான் சொல்கிறேன். அவன் உயிர் தப்ப அதுதான் வழி. ஆனால் அவனை நம்பியிருக்கும் ஏழைத் தீவுவாசிகளுக்கு டிராகன்களிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமே! தனக்கான வரத்தை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கு வரமாட்டோம் என்ற வாக்குறுதியைக் கேட்டு வாங்குகிறான். வாளால் வெல்லும் கதைகளில் வீரனுக்கு உடல்தான் சோதனை. இங்கே சோதிக்கப்படுவது ஆசை. டிராகன் ஒரு செதில்கூடக் குறையாமல் டிராகனாகவே இருக்கிறது. பழைய அச்சின் பயங்கரம் முழுமையாக இருப்பதால்தான், அவன் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரியது என்று நமக்குப் புரிகிறது.

கெட்டின் தோல் செம்பு கலந்த பழுப்பு நிறம் என்பதையும் சொல்லவேண்டும். எர்த்சீயின் பெரும்பாலான மக்கள் கருமையும் பழுப்புமானவர்கள். கொள்ளையடிக்க வரும் கார்கு மக்கள்தான் வெள்ளை நிறத்தவர். 1968இல் அமெரிக்கப் பதிப்புலகில் இது சிறிய செயல் அல்ல. 2004இல் தொலைக்காட்சிக்காக இந்தக் கதையைப் படமாக்கியவர்கள் வெள்ளை இன நடிகரைக் கெட் ஆக்கினார்கள். லெ குவின் அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். பழைய அச்சு எவ்வளவு பிடிவாதமானது பாருங்கள். எழுத்தாளர் ஒரு முறை அகற்றிய பிறகும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது!

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அச்சைத் திருப்பிப் போட்டால் போதுமா? அரக்கனை நல்லவனாக்கு, வீரனைக் கெட்டவனாக்கு, புதுமை வந்துவிட்டது என்று எவரும் எழுதலாமே? எழுதலாம், எழுதுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் முறை படிக்கத் தாங்காதவை என்பது என் தீர்மானமான எண்ணம். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டாலும் அது அதே சட்டைதான். ஆனால் ஜான் கார்ட்னர் 1971இல் எழுதிய 'கிரெண்டல்' நாவலைப் பாருங்கள். பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் இரவில் வந்து மனிதரைத் தின்னும் பூதம்தான் கிரெண்டல். கார்ட்னர் அந்தப் பூதத்தையே கதைசொல்லியாக்கினார். அதை நல்லவனாக்கினாரா? இல்லை. அது கொல்கிறது, தின்கிறது. ஆனால் மன்னனின் மண்டபத்துக்கு வெளியே இருட்டில் நின்று பாணனின் யாழ் கேட்கிறது. பாணன் பழைய வெறுங்கொலைகளைப் புகழ்பெற்ற போர்களாக மாற்றிப் பாடுகிறான். அந்தக் கொலைகளை நேரில் பார்த்த பூதத்துக்கு, பாட்டு பொய் என்று தெரியும். தெரிந்தும் அழுகிறது. கடவுளால் சபிக்கப்பட்ட இனம் ஒன்று உண்டு என்று பாணன் பாட, அது தன்னைத்தான் குறிக்கிறது என்று உணர்ந்தும் அந்தப் பாட்டின் அழகுக்குள் இடம் கேட்டு, சமாதானம் சமாதானம் என்று கதறிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைகிறது. மனிதர்கள் ஈட்டியோடு பாய்கிறார்கள். காவியம் மூடி வைத்திருந்த கேள்வி எது? வீரனின் புகழ் பாட ஒரு பூதம் தேவைப்படுகிறதே, அந்தப் பூதமும் பாட்டைக் கேட்டால் என்ன ஆகும் என்பதுதான். கார்ட்னர் காவியத்தை மதித்ததால்தான் அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. வாழ்க்கையில் பசி இருக்கிறது, போர் இருக்கிறது, அநீதி இருக்கிறது. இந்த நேரத்தில் டிராகனும் மந்திரமும் எதற்கு, இது தப்பித்தல் அல்லவா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முன் கசுவோ இஷிகுரோவின் 'தி பரீட் ஜெயன்ட்' நாவலை வைக்கிறேன். 2015இல் வந்தது, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதன் ஆசிரியருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆர்தர் மன்னன் மறைந்த பிறகான பிரிட்டன். பிரிட்டன்களும் சாக்ஸன்களும் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் அமைதியாக வாழ்கிறார்கள். நாடெங்கும் ஒரு மூடுபனி. அதைச் சுவாசிக்கும் எல்லோருக்கும் மறதி. ஆக்ஸல், பியட்ரிஸ் என்ற முதிய தம்பதி தங்கள் மகனைத் தேடிப் புறப்படுகிறார்கள். அவன் எந்த ஊரில் இருக்கிறான், ஏன் பிரிந்தான், எதுவும் நினைவில்லை. அந்த மூடுபனி கெரிக் என்ற பெண் டிராகனின் மூச்சு என்று தெரியவருகிறது. அதைக் கொல்ல விஸ்டன் என்ற சாக்ஸன் வீரன் வருகிறான். நம் கை நம்மை அறியாமல் வாளின் பக்கம் போகிறது. டிராகன் என்றால் கொல்லவேண்டியதுதானே!

ஆனால் அந்த டிராகனைக் காத்து நிற்பவர் யார் தெரியுமா? ஆர்தரின் வட்டமேசை வீரர் காவெய்ன், இப்போது துருப்பிடித்த கவசம் அணிந்த கிழவர். ஆர்தரின் படை சாக்ஸன் கிராமங்களில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவித்திருக்கிறது. பழிவாங்கல் தொடராமல் இருக்கவேண்டும் என்பதற்காக, மெர்லின்தான் டிராகனின் மூச்சில் மறதியை ஏற்றினான். அமைதி உண்மை, அதன் அடியில் பிணங்கள் கிடப்பதும் உண்மை. இப்போது வாளை ஓங்குவீர்களா? கொன்றால் நீதி கிடைக்கும், கூடவே புதிய போரும் வரும். கொல்லாவிட்டால் அமைதி இருக்கும், செத்தவர்கள் மறக்கப்பட்டே இருப்பார்கள். இஷிகுரோ தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடவில்லை. டிராகன் கொல்லப்படுகிறது, அதுவும் எளிதாக: வற்றிய உடலோடு குழிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. பெருவெற்றியாக இருக்கவேண்டிய அந்த வெட்டு, நாவலிலேயே மிகத் துயரமான இடம். வீரன் ஒரு சாக்ஸன் சிறுவனிடம், பிரிட்டன்களை வெறுப்பேன் என்ற வாக்கை வாங்கிவிடுகிறான். முதிய தம்பதிக்கோ, நினைவு திரும்பியதும் மகன் எப்போதோ இறந்துவிட்டான் என்பதும், ஒருவருக்கொருவர் இழைத்த துரோகமும் கூடவே திரும்புகின்றன. ஒரு நாடு தன் கொலைகளை நினைவில் வைத்திருக்க வேண்டுமா, மறந்துவிட வேண்டுமா? இந்தக் கேள்வியை எந்தச் செய்தித்தாள் இதைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்கிறது? இது தப்பித்தலா? உள்நாட்டுப் போரைக் கண்ட எந்த மண்ணிலும், இலங்கை உட்பட, இந்த நாவலைப் படிப்பவர் பக்கங்களைப் புரட்டுவதற்கு முன் நிறுத்தி யோசிக்கத்தான் செய்வார்.

இந்த நாவல் வந்தபோது ஒரு சச்சரவும் நடந்தது. வாசகர்கள் இதை ஃபேன்டஸி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பொருளில் இஷிகுரோ ஒரு பேட்டியில் பேச, லெ குவின் கொதித்தெழுந்து, அந்தச் சொல்லில் என்ன இழிவு என்று கேட்டார். இஷிகுரோ தாம் டிராகன்களின் பக்கமே நிற்பதாகப் பதில் சொன்னார். லெ குவினும் தாம் அவசரப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். யார் சொன்னது சரி என்பதைவிட, அந்தக் கோபத்தின் வேர் முக்கியம். அரை நூற்றாண்டாகத் தம் வகை எழுத்து சிறுவர் அலமாரிக்குத் தள்ளப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

சரி, பழைய கதை தெரியாதவருக்கு இந்த நாவல்களில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பேவுல்ஃபைப் படிக்காதவர் கிரெண்டலைப் படிப்பது எப்படி? நாம் நினைப்பதைவிட எல்லோருக்கும் அச்சு தெரியும். காவியத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பூதம் தெரியும், வீரன் தெரியும், இரவு தெரியும். தமிழ் மரபுக்கும் இது புதிதல்ல. முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் நம் இலக்கணம் நூலை வகுத்தது. வழிநூல் இழிந்தது என்று ஒருபோதும் சொல்லவில்லை. புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசனம்' எழுதியபோது, அகலிகை கதை தெரியாதவர் யார் இருந்தார்? இராமன் கால்தூசியால் உயிர்பெற்ற அகலிகை, அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டால் என்ன செய்வாள் என்று அவர் கேட்டார். அவள் மறுபடி கல்லானாள். கதை முழுவதும் தெரிந்தவர்களிடம்தான் அந்தக் கேள்வி எடுபடும்.

கடைசியாக, நானே முழுமையாக ஒதுக்கிவிட முடியாத மறுப்பு ஒன்று இருக்கிறது. புதுப்பித்தலும் நாளடைவில் அச்சாகிவிடாதா? ஆகிவிடும். மந்திரப் பள்ளிக்கூடமே இன்று அச்சு. பூதத்தின் பார்வையில் கதை சொல்வதும் இன்று அச்சு. இதற்கு வாதத்தால் பதில் சொல்ல எனக்கு இயலாது. ஓர் எழுத்தாளர் என்ன செய்தார் என்று மட்டும் சொல்ல முடியும். லெ குவின் 1968, 1971, 1972 ஆண்டுகளில் எர்த்சீயின் மூன்று நாவல்களை எழுதினார். மூன்றாவதுக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. எல்லோரும் முத்தொகுதி முடிந்தது என்று நினைத்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர் தம் உலகத்தையே திரும்பிப் பார்த்தார். வெண்தாடியை அகற்றிய அவர், தாமும் ஓர் அச்சைக் கேள்வி கேட்காமல் விட்டிருந்தது தெரிந்தது. ராக் பள்ளியில் ஒரு பெண்கூட இல்லை! கிராமத்துச் சூனியக்காரிகளின் மந்திரம் தாழ்ந்தது என்று அந்த உலகமே நம்பியது. அவரே எழுதிய நம்பிக்கை அது.

1990இல் 'டெஹானு' வந்தது. இதில் கெட் தன் ஆற்றலை எல்லாம் இழந்தவன். மாபெரும் மந்திரவாதி ஊருக்குத் திரும்பி, வெட்கத்தோடு, மறுபடி ஆடு மேய்க்கப் போகிறான். இரண்டாம் நாவலில் அவனோடு கல்லறைகளின் இருட்டிலிருந்து வெளியேறிய டெனார் இப்போது ஒரு விவசாயியின் விதவை, நடுவயதுப் பெண். பெற்றவர்களே அடித்துத் தீயில் தள்ளிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். நாவலின் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவது, பாலைக் கறப்பது, குழந்தைக்கு உடை தைப்பது, வாசற்கதவைத் தாழிட்டு அஞ்சுவது. ஆற்றல் போன பிறகு ஓர் ஆண் யார்? ஆற்றலே தரப்படாத ஒரு பெண் இத்தனை காலம் யாராக இருந்தாள்? முதல் மூன்று நூல்களை நேசித்த வாசகர்களில் பலர் இந்த நான்காவது நூலால் காயப்பட்டார்கள். எங்கள் வீரனை ஏன் சிறுமைப்படுத்தினீர்கள் என்று கேட்டார்கள். என் மதிப்பீட்டில் எர்த்சீ வரிசையின் உயர்ந்த நூல் இதுதான். பிறர் செய்த அச்சைக் கேள்வி கேட்பது எளிது. தம் கையால் செய்து, விருது வாங்கி, உலகமே நேசிக்கும் அச்சைக் கேள்வி கேட்க எவ்வளவு துணிவு வேண்டும்! அதோடும் அவர் நிற்கவில்லை. எழுபதைக் கடந்த பிறகு, 2001இல், 'தி அதர் விண்ட்' என்ற நாவலில், இறந்தவர்களின் வறண்ட நாட்டைச் சுற்றித் தாமே எழுப்பியிருந்த கல்சுவரைத் தம் பாத்திரங்களைக் கொண்டே இடித்தார்.

ஆகவே நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வகை நூல்களைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் நீங்களும் படியுங்கள். நூலகப் பொறுப்பில் இருப்பவர்கள் இவற்றைச் சிறுவர் பகுதியில் மட்டும் அடுக்கிவிடாதீர்கள். எர்த்சீயைத் தொடங்குகிறவர்கள் முதல் நூலிலிருந்து வரிசையாகப் போங்கள். மூன்றாவது நூலோடு நிறுத்திவிடாதீர்கள். ஆடு மேய்க்கத் திரும்பிப் போன அந்த மனிதனையும், தீயில் வெந்த அந்தச் சிறுமியையும் சந்தித்துவிட்டு வாருங்கள்.